மாதம் 4,000 ரூபாயில் ஒரு பத்மினி: வாசகர் கேள்வி - பதில்

பழைய கார்களை வீட்டிலேயே சிறிது சிறிதாகச் சீரமைப்பது குறித்துக் குமரி மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து சில கேள்விகளுக்கு இம்முறை பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் தாத்தா 1987-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி கார், அவர் காலமானபின் 11 ஆண்டுகளாக எங்கள் ரப்பர் தோட்டத்தில், ஷீட்டுக்குப் புகையிடும் புரையை ஒட்டிய சாய்ப்பில் நிற்கிறது. அதை ஓட வைக்க வேண்டும் என்பது என் ஆசை. சம்பளத்தில் மாதம் 4,000 ரூபாய் ஒதுக்க முடியும். கார் மீது பிரியமுள்ள நண்பர்கள் நால்வர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உதவுவதாகச் சொல்கிறார்கள். முதலில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு, ஒவ்வொன்றாகச் சரிசெய்து பூட்டலாம் என்பது அவர்கள் யோசனை. இது சரிதானா? (திருவட்டார் வாசகர்)

பதில்: தயவுசெய்து முழுவதையும் பிரிக்காதீர்கள். இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். நானும் ஒரு பத்மினியைத்தான் முதலில் கையில் எடுத்தேன். ஐந்து பேர் சேர்ந்து இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சின், கதவுகள், இருக்கைகள், வயரிங் என அனைத்தையும் கழற்றி அடுக்கினோம். அடுத்த மாதமே ஒரு நண்பருக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது; இன்னொருவருக்குத் திருமணம்; என் வீட்டில் மருத்துவச் செலவு. நான்கு ஆண்டுகள் கழித்து, எந்த போல்ட் எங்கே இருந்தது என்று ஒருவருக்கும் நினைவில்லாத நிலையில், சாக்குகளில் கட்டிய பாகங்களையும் துருவேறிய கூட்டையும் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டேன். அந்தக் காரில் சரிசெய்ய முடியாத குறை எதுவும் இருக்கவில்லை. பிரிக்காமல் விட்டிருந்தால் இன்று ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே, பிரித்ததை அந்த மாதக் காசிலேயே பூட்டிவிட முடியும் என்றால் மட்டுமே பிரியுங்கள். அது பூட்டி முடியும்வரை அடுத்ததில் கை வைக்க வேண்டாம். பின்வீல் பிரேக் என்றால் பின்வீல் பிரேக் மட்டும். இப்படிச் செய்தால் இடையில் ஆறு மாதம் பணமோ நேரமோ இல்லாமல் போனாலும், உங்களிடம் இருப்பது ஒரு முழுக் காராகவே இருக்கும். உதிரிகளின் குவியலாக இருக்காது. என் இரண்டாவது பத்மினியை இப்படித்தான் ஆறு ஆண்டுகளில் முடித்தேன்.

ஸ்பானரைத் தொடுவதற்கு முன் தாள்களைப் பாருங்கள். ஆர்.சி. புத்தகம் இன்னும் தாத்தாவின் பெயரில் இருக்கும் என்று கொள்கிறேன். உரிமையாளர் இறந்தால் வாரிசின் பெயருக்கு மாற்றப் படிவம் 31 உண்டு. தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். சித்தப்பாவோ அத்தையோ பின்னாளில் பேச்செடுத்தால், நீங்கள் போட்ட பணத்துக்கு மட்டுமன்றி உறவுக்கும் அது கேடு. தனியார் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்கும், அதன்பின் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுகளுக்கும் செல்லும். புதுப்பிக்கப் படிவம் 25. இதற்கான மத்திய அரசுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகவும், 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. பசுமை வரியும், காலம் கடந்ததற்கான தொகையும் தனி. எனவே 4,000 ரூபாயில் மாதந்தோறும் 1,000 ரூபாயைத் தொடாமல் ஒதுக்குங்கள். ஓராண்டில் 12,000 சேரும்போது அந்தக் கட்டணத்துக்காவது யாரிடமும் கை நீட்ட வேண்டியிராது. மீதி 3,000 ரூபாய்தான் உங்கள் மாத வேலை. 50 ஆண்டு கடந்த கார்களுக்கு 2021-இல் வந்த ‘விண்டேஜ்’ பதிவைச் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். உங்கள் காருக்கு 2037 வரை அது பொருந்தாது.

அடுத்து, காரை அந்தச் சாய்ப்பிலிருந்து இந்த வாரமே வெளியே எடுங்கள். ரப்பர் பால் உறைவதற்கு நாம் ஊற்றுவது ஃபார்மிக் அமிலம். அதன் ஆவியும், புகையும், கழுவித் தள்ளும் நீரின் ஈரமும் சேரும் இடத்தில் இரும்பு நிற்காது. அதற்காகத் தென்னை மூட்டிலும் நிறுத்த வேண்டாம். ஒரு தேங்காய் போதும். தார்ப்பாயை இறுக்கிப் போர்த்துவதும் தவறு, ஈரம் உள்ளேயே நின்றுவிடும். காற்றோட்டமுள்ள கூரையும், சிமென்ட் தரையும் இருந்தால் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

11 ஆண்டு நின்ற எஞ்சினைச் சாவி போட்டுச் சுற்ற முயலாதீர்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிதளவு எஞ்சின் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி, ஒரு வாரம் விட்டுவிட்டு, கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பானரைப் பொருத்திக் கையால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். அசையவில்லை என்றால் இன்னொரு வாரம் பொறுங்கள்; பலம் காட்டினால் பிஸ்டன் ரிங் உடையும். சுற்றத் தொடங்கியபின் பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றி, டாங்கியில் புளித்துக் கிடக்கும் பெட்ரோலைத் தொடாமல், ஒரு சிறிய கேனிலிருந்து நல்ல பெட்ரோலைக் கொடுத்து ஓட விடலாம். எஞ்சின் உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய இந்த ஒரு மாதச் செலவு போதும். அந்தச் சத்தத்தைக் கேட்டபின் உங்கள் நண்பர்கள் தாமாகவே வருவார்கள்.

அதன்பின் எஞ்சினை மறந்துவிட்டு பிரேக்குக்கு வாருங்கள். ஓடுகிற காரை நிறுத்த முடியாவிட்டால் அது ஆபத்து. என் காரின் பின் டிரம்மைச் சுற்றித் தட்டிக் கழற்றிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் விலக்கியதும், உள்ளிருந்த பிரேக் ஆயில் கருப்பட்டிப் பாகைப்போல் இறுகிப் பழுப்பாக இழுபட்டது. அதைத் துணியால் துடைத்து, சிலிண்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, சுவரில் ஊசிமுனை அளவில் மூன்று குழிகள். ரப்பர் கிட்டை மட்டும் மாற்றியிருந்தால் அந்தக் குழிகள் புது ரப்பரையும் ஒரு மாதத்தில் அறுத்திருக்கும், சிலிண்டரையே மாற்றினோம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால்தான் இந்த அரிப்பு. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுவது நம் ஊருக்கு அவசியம். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்முக்குள் வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பிரேக்குக்குப் பின் ரேடியேட்டர், ஹோஸ்கள், அதன்பின் வயரிங், அதன்பின் டயர்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2214 என்றால் 2014-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் அவ்வளவு பழைய டயரை நம்பக்கூடாது. ஆனால் டயரைக் கடைசியில் வாங்குங்கள். முன்பே வாங்கினால் நின்ற இடத்திலேயே வயதாகும்.

இன்னொன்று. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் காரின் அடியில் போகக்கூடாது. ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பதும் கூடாது. அது எச்சரிக்காமல் நொறுங்கும். காரைத் தாங்கி நிற்கும் இரும்பு முட்டான ஆக்சில் ஸ்டாண்டு நான்கு வாங்குவதே உங்கள் முதல் மாதச் செலவாக இருக்கட்டும். நண்பர்களை அழைத்து வந்து அடியில் படுக்க வைப்பவர் நீங்கள். அந்தப் பொறுப்பும் உங்களுடையது.

கேள்வி: என் பத்மினியின் தரைத் தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஃபைபர் ஒட்டிப் பட்டி போட்டால் போதும் என்கிறார் டிங்கர். செய்யலாமா? (குளச்சல் வாசகர்)

பதில்: கூடாது. அம்பாசடரோ பத்மினியோ, இவற்றில் தனிச் சட்டகம் (சேசிஸ்) கிடையாது, உடலே சட்டகம். தரையும் அதன் இருபுறம் ஓடும் கீழ்ப்பெட்டிகளும்தான் காரைத் தாங்குகின்றன. அவற்றின்மேல் ஃபைபர் ஒட்டினால் ஓட்டை மறையும், பலம் வராது. அதற்கடியில் துரு முன்னிலும் வேகமாகப் பரவும்.

ஓட்டையைச் சுற்றி ஒரு திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். ‘ணங்’ என்ற ஒலி ‘பொத்’ என்று மாறும் இடம்வரை தகடு செத்துவிட்டது என்று பொருள். அங்கே சாக்கட்டியால் கோடு போட்டு, அதற்கு வெளியே இரண்டு விரல் தள்ளி வெட்டி எடுத்து, 18 அல்லது 20 கேஜ் தகட்டில் துண்டு வைக்கச் சொல்லுங்கள். கேஸ் வெல்டிங்கின் சூடு மெல்லிய தகட்டை நெளிய வைத்துவிடும், சி.ஓ.டூ. வெல்டிங்கில், ஒரு பொட்டு இங்கே, அடுத்தது எதிர்ப்புறம் என்று ஆறவிட்டுச் செய்வதே நல்லது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி கம்பிகளைக் கழற்றுங்கள். பெட்ரோல் டாங்கியை இறக்கித் தொலைவில் வையுங்கள். காலி டாங்கி என்று அலட்சியம் வேண்டாம், நிறைந்த டாங்கியைவிட ஆவி நிற்கும் காலி டாங்கியே வெடிக்கும். டாங்கியில் ஓட்டை இருந்தால் அதை நண்பர்கள் யாரும் வீட்டில் பற்றவைக்க முயல வேண்டாம்.

குளச்சலில் கடற்காற்றின் உப்பு இரவில் பனியோடு படியும். ஆகவே வெல்டிங் முடிந்த அன்றே ஜிங்க் பிரைமர் அடித்துவிடுங்கள். ‘நாளை பார்க்கலாம்’ என்றால் நாளைக் காலையில் அது சிவந்திருக்கும். கதவின் அடியிலும் கீழ்ப்பெட்டியிலும் உள்ள சிறு வடிகால் துளைகள் அடைபட்டிருந்தால் கம்பியால் குத்தித் திறந்து விடுங்கள். உங்கள் ஓட்டைக்குத் தொடக்கம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர் சேர்ந்து என் அம்பாசடரைச் சீரமைக்கிறோம். முதல் சில மாதங்கள் உற்சாகமாக வந்தார்கள். இப்போது அழைத்தால் தயங்குகிறார்கள். நான் யாரையும் புண்படுத்தவில்லை. என்ன செய்வது? (மார்த்தாண்டம் வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தில் இன்னொரு வரியையும் எழுதியிருந்தீர்கள்: ‘ஞாயிற்றுக்கிழமை வாங்க, பார்த்துக்கலாம் என்றுதான் சொல்வேன்.’ தயக்கத்துக்கான காரணம் அந்த வரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வருகிறவர் வாரம் முழுவதும் வேலை செய்துவிட்டு, ஒரே ஓய்வு நாளில், குடும்பத்தையும் விட்டு வருகிறார். வந்தபின் தேவையான போல்ட் இல்லை, ஆயில் வாங்கவில்லை, கடை மூடிவிட்டது என்றால், மூன்றாவது முறை அவர் வரமாட்டார். அது அவருடைய குற்றமும் இல்லை.

இன்ன வேலைக்கு, இத்தனை மணிக்கு, இவ்வளவு நேரம் என்று சொல்லி அழையுங்கள். சனிக்கிழமை மாலைக்குள் அந்த வேலைக்குரிய பாகம், கேஸ்கட், ஆயில், துணி எல்லாம் மேசைமேல் இருக்க வேண்டும். துருவேறிய நட்டுகளுக்கு இரண்டு நாள் முன்பே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். எல்லா வேலைக்கும் ஆறு பேரையும் கூப்பிட வேண்டாம். வயரிங் தெரிந்தவரை வயரிங்குக்கும், லேத்தில் வேலை செய்பவரை அளவு பார்க்கவும் அழையுங்கள். கழற்றிய நட்டுகளைப் பழைய பால்பொடி டப்பாக்களில் போட்டு, எந்த இடத்தது என்று எழுதி ஒட்டுவது நீங்கள் தனியாக இருக்கும்போது செய்யக்கூடிய வேலை. அம்பாசடர் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தழுவியது. அதன் நட்டுகள் பலவும் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பானரோடு வரும் நண்பர் நட்டின் தலையை வழுக்க வைத்து, அவரும் சங்கடப்பட்டு, உங்களுக்கும் செலவு வைப்பார். அங்குல செட் ஒன்று வாங்கி வையுங்கள்.

பணத்தை எழுதி வையுங்கள். ஒரு நோட்டில் தேதி, பொருள், தொகை, யார் கொடுத்தது, திருப்பியது எப்போது என்ற பத்திகள் போதும். நண்பர் தன் கைக்காசில் 300 ரூபாய்க்கு ஹோஸ் வாங்கி வந்தால், அன்று மாலை அவர் கிளம்புவதற்குள் கொடுத்துவிடுங்கள். அவராகக் கேட்கமாட்டார், ஆனால் நினைவில் வைத்திருப்பார். இரவல் வாங்கிய கருவியை வாங்கியபோது இருந்ததைவிடச் சுத்தமாகத் துடைத்துத் திருப்புங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உதவி உங்கள் வீட்டு முற்றத்தோடு நின்றுவிடக் கூடாது. சீட்டுப் பிடிப்பதைப்போல முறை வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று ஞாயிறு உங்கள் அம்பாசடருக்கு என்றால், நான்காவது ஞாயிறு இன்னொருவரின் பைக்குக்கோ, வீட்டு மோட்டாருக்கோ, பெயிண்ட் அடிப்பதற்கோ. எங்கள் குழுவில் இதைத் தொடங்கியபின் ஒருவரும் விலகவில்லை. நண்பகலில் வீட்டில் அவித்த மரச்சீனியும் மீன் குழம்பும் இருந்தால், அதை ஆக்குகிறவர்களின் உழைப்பையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் மனைவியும் அம்மாவும் அலுத்துப்போன பிறகே அது எனக்குப் புரிந்தது. இப்போது சமையல் எங்களுடைய முறை வேலைகளில் ஒன்று.

கேள்வி: கேரளத்தின் பாறசாலையில் ஒரு கே.எல். பதிவு மாருதி 800 குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கிச் சீரமைக்கலாமா? (களியக்காவிளை வாசகர்)

பதில்: காரைப் பொறுத்தவரை நல்ல தேர்வு. 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின். 1983 முதல் 2014 வரை செய்யப்பட்டதால் உதிரிபாகம் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. முதல் முயற்சிக்கு இதைவிடச் செலவு குறைந்த கார் நம் நாட்டில் இல்லை என்பேன். ஆனால் எல்லை தாண்டி 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். விற்பவரிடம் படிவம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கித் தரச் சொல்லி, அது கையில் வந்தபின் முழுப் பணத்தைக் கொடுங்கள். அங்கே கட்டிய சாலை வரி இங்கே செல்லாது. தமிழ்நாட்டு வரியையும் மறுபதிவுச் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்தபின், விலை உண்மையிலேயே குறைவுதானா என்று முடிவு செய்யுங்கள். அபராதமோ கடனோ நிலுவையில் இருக்கிறதா என்பதை அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம்.

கேள்வி: பத்மினியில் புதிய காரின் டீசல் எஞ்சினை ஏற்றித் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். பத்மினியே டீசலில் வந்ததுதானே? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: வந்தது உண்மைதான். 137டி என்ற பெயரில் 1,366 சி.சி. டீசல் எஞ்சினோடு நிறுவனமே விற்றது. ஆனால் நிறுவனம் விற்றதும், நாம் பட்டறையில் ஏற்றுவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவைப் பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சினை மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் மாற்றிய காருக்கு விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். சட்டத்தை விட்டுவிட்டாலும், அந்த எடைக்கும் வேகத்துக்கும் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள இந்தக் கார் பிறக்கவில்லை. அதே வகை எஞ்சின் ஒன்றைத் தேடி எடுத்து, சிலிண்டர்களை ரீபோர் செய்து, நன்றாகக் கட்டிப் பூட்டுங்கள்.

கேள்வி: 1996 மாருதி 800, கார்புரேட்டர் மாடல். கழற்றிச் சுத்தம் செய்து மூன்றே மாதத்தில் மறுபடியும் பெட்ரோல் வாடை, காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. மெக்கானிக்கின் தவறா? (பூதப்பாண்டி வாசகர்)

பதில்: அவரைக் குறை சொல்லும் முன் ஹோஸ்களை வளைத்துப் பாருங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். உங்கள் காரின் ரப்பர் ஹோஸ்கள், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், கேஸ்கட்டுகள் ஆகியவை அந்தக் கலவைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை ஊதும், பிறகு வெடிப்பு விடும். வாடை வருவது இதனால் இருக்கலாம். வெடிப்பு தெரிந்தால் காரை ஓட்டாமல், எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களை முழு நீளத்துக்கும் மாற்றுங்கள். துண்டு போட வேண்டாம்.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வாரக் கணக்கில் நின்றால் டாங்கியின் அடியில் நீர் பிரிந்து, தகடு துருப்பிடித்து, அந்தத் துரு கார்புரேட்டரின் ஜெட்டில் போய் அடைக்கும். ஆகவே சீரமைப்பில் இருக்கும் காரில் பாதி டாங்கி நிரப்பி வைக்காதீர்கள். இரண்டு லிட்டர் ஊற்றி ஓட்டி முடியுங்கள். நீண்ட நாள் நிறுத்துவதானால் பெட்ரோல் வரும் குழாயை அடைத்து, கார்புரேட்டர் கிண்ணம் காலியாகும்வரை ஓடவிட்டு அணையுங்கள். தெளிவான பிளாஸ்டிக் உடலுள்ள ஃபில்டர் ஒன்றைப் பம்புக்கு முன் வைத்தால், துரு வருவதைக் கண்ணால் பார்க்கலாம்.

கேள்வி: என் கணவரும் நண்பர்களும் எங்கள் காருக்கு முதலில் பெயிண்ட் அடித்துவிட்டால் பார்க்க நன்றாக இருக்கும், பிறகு உள்வேலை பார்க்கலாம் என்கிறார்கள். எனக்கு அது சரியென்று படவில்லை. (இரணியல் வாசகி)

பதில்: உங்கள் எண்ணமே சரி. பெயிண்ட் அடித்தபின் எஞ்சினை இறக்கினால் ஃபெண்டரில் கீறல் விழும். பிரேக் ஆயில் ஒரு சொட்டுச் சிந்தினாலே அந்த இடத்தில் பெயிண்ட் உரியும். தகட்டு வேலை முழுவதும் முடிந்து, கார் ஒரு மழைக்காலம் ஓடி, ஒழுகும் இடமெல்லாம் தெரிந்தபின் அடிப்பதே முறை. அதுவரை பிரைமரோடு ஓடட்டும் என்று விடவும் வேண்டாம். சாதாரணப் பிரைமர் நீரை உறிஞ்சும். வெட்டி ஒட்டிய இடங்களுக்கு மட்டும் மலிவான எனாமல் ஒரு கோட் கொடுத்து வையுங்கள்.

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் குறைவதே அரிது. அந்த நாட்களில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்தால் மேலே வெண்பனி போலப் பூத்துவிடும். ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை, காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி வெயில் சாய்வதற்குள் முடிக்கும்படி திட்டமிடுங்கள். பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட் என்றால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கெடுதல். துணியைக் கட்டிக்கொண்டு வீட்டு முற்றத்தில் அடிக்க அனுமதிக்காதீர்கள், பெயிண்ட் அடிப்பதற்கென்றே மூடிய அறை (பூத்) உள்ள பட்டறைக்கு அனுப்புங்கள். தேய்ப்பது, பட்டி சமன் செய்வது, மறைப்புத் தாள் ஒட்டுவது ஆகியவற்றை நண்பர்கள் வீட்டிலேயே முடித்துக் கொடுத்தால் பட்டறைக் கூலி கணிசமாகக் குறையும். நிறத்தை மாற்றுவதாக இருந்தால், அடிப்பதற்கு முன்பே ஆர்.சி.யில் மாற்ற விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.